நல்லவேளை பாயும் ஒரு மூட்டை உப்பும்

செய்த தப்புக்கே மன்னிப்புக் கேட்காத காலம் இது. இதில் செய்யாத தப்புக்கு வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டு, கூடவே பிரியாணியும் கொடுத்துவிட்டுப் போகிற மனிதர் பூலோகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் இருக்கிறார். கல்யாணங்களுக்குப் பிரியாணி போடும் சமையல்காரர். சொந்தப் பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் நல்லவேளை பாய்.

பாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் பழிவாங்கியே தீருவது என்று கிளம்பிவிடுவார். வாசலைத் தாண்டுவதற்குள் அவர் மனைவி மும்தாஜ் அக்கா ஒரு வார்த்தை சொல்வார். பாய் பொசுக்கென்று அடங்கிவிடுவார். அதோடு விட்டால் அவர் சாதாரண மனிதர். நல்ல புத்தி சொல்ல ஆள் வைத்திருக்கும் இறைவனுக்கு நன்றி செலுத்த வேண்டாமா? உடனே அடுப்பு மூட்டுவார். தூக்குவாளி நிறையப் பிரியாணியோடு, யாரைப் பழிவாங்கக் கிளம்பினாரோ அவர் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார்.

ஒருநாள் என் வீட்டுக்கும் வந்தார்.

"தம்பி, எங்க வாசல மறிச்சு வண்டிய நிப்பாட்டிருந்தீகள்ல? ரெண்டு டயரையும் கிழிக்கத்தான் கத்தி எடுத்தேன். நல்லவேளை, அல்லா ஒங்க அக்கா வாயில நல்ல வார்த்தையப் போட்டான். அல்ஹம்துலில்லாஹ். சூடா இருக்கு, சாப்பிடுங்க."

வாசலில் இருந்த டயர்களை எட்டிப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். ருசி அபாரம். அதற்குப் பிறகு தெருவில் சிலர் வேண்டுமென்றே அவர் வாசலில் வண்டியை நிறுத்த ஆரம்பித்ததாகக் கேள்வி.

போன வருஷம்தான் விஷயம் முற்றியது. பாயிடம் தொழில் கற்ற அவருடைய சொந்தத் தம்பி தனியாகப் போய், பாய்க்கு வர வேண்டிய ஒரு பெரிய கல்யாணத்தைப் பிடித்துவிட்டார். கல்யாணத்தன்று காலை நான் டீக்கடையில் நிற்கிறேன். பாய் தோளில் உப்பு மூட்டையோடு வருகிறார்.

"எங்க பாய், காலையிலயே?"

"மண்டபத்துக்கு. என் தம்பியோட அண்டாவுல இத அப்படியே கொட்டப் போறேன்."

"அக்கா ஒண்ணும் சொல்லலியா?"

"அவ எரியோட்டுல அம்மா வீட்டுல இருக்கா. போன எடுக்க மாட்டேங்குறா. ஒருத்தராச்சும் தடுப்பீகன்னு தெருவச் சுத்திச் சுத்தி வாரேன். அம்புட்டுப் பேரும் சலாம் போட்டுட்டுப் போறாய்ங்க."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. உப்பைக் கொட்டினால் கல்யாணமும் கெடும், அண்ணன் தம்பி உறவும் அன்றோடு முடியும். அது அவருக்கே தெரிந்திருந்தது. எனக்கோ புத்தி ஓடவில்லை.

"பாய், வர்றவங்கள்ல நெறையப் பேருக்கு பிரஷர் இருக்கும்" என்றேன்.

பாய் பார்த்த பார்வையில் அடுத்த தூக்குவாளி எனக்குத்தான் என்று புரிந்தது. ஒரு கையால் அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அக்காவுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக எடுத்தார். விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா கத்தவே இல்லை.

"என்னங்க, ஒங்க கை பட்ட பந்தியில இதுவரைக்கும் யாரும் பசியோட எந்திரிச்சதில்ல. இன்னைக்கு எந்திரிக்கணுமா?"

பாய் மூட்டையை இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார்.

"நல்லவேளை தம்பி. வாங்க, அவன்ட்ட சொல்லிட்டு வந்துருவோம்."

"மூட்டை எதுக்கு பாய்?"

"ஆதாரம் வேணாமா?"

மண்டபத்துச் சமையல்கட்டில் பாய் ஒன்று விடாமல் ஒப்பித்தார். நான் அடிதடிக்குத் தயாராகக் கதவோரம் ஒதுங்கி நின்றேன். தம்பி வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது கெடக்கட்டும். அரிசி போடணும், உப்பு சரியா நிக்குதான்னு பிடிபடல. பயமா இருக்கு. செத்த பாத்துச் சொல்லுங்கண்ணே."

பாய் உலைத் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். தம் மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளிப் போட்டார்.

"இப்பப் போடுறா அரிசிய" என்றார். தம்பி அண்ணனின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிரியாணி வெந்து, தம் உடைத்து மூடியைத் திறந்ததும் பாய் அண்டா முன்னால் நின்று இரு கைகளையும் ஏந்தினார். பக்கத்தில் நானும் ஏந்தினேன். எனக்கு அரபி தெரியாது. இந்த மனுஷன் நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டேன்.