கேக் இல்லாத கூட்டம்

டன்வர்ரா,
வியாழக்கிழமை

அன்புள்ள லோரெய்ன் அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அத்தானும் அவருடைய முழங்காலும் நலம் என்று நம்புகிறேன்.

தனியாக வாழும் முதியவர்கள், நகராட்சி வாசலுக்கே அனுப்பும் மதியச் சாப்பாட்டை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்? என் சமூகப்பணி ஆனர்ஸ் ஆய்வின் கேள்வி இது. நீ போனில் கேட்டபோது பதில் தெரியாமல்தான் பேச்சை மழைக்கு மாற்றினேன். இன்றும் தெரியாது.

திட்டம் எளிமையானது. அவர்களை ஊர் மன்றத்துக்கு அழைத்து விளக்குவது, சம்மதிப்பவர்களிடம் கையெழுத்து வாங்குவது, பிறகு பேட்டி. திங்கட்கிழமைக்குள் ஆறு பேராவது சம்மதிக்காவிட்டால் இந்த வருடம் ஆய்வு இல்லை என்றார் என் வழிகாட்டி இமோஜென். "அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்றும் சொன்னார். அவருக்கு முப்பது வயது, சொல்லலாம்; என் வயதில் ஒரு வருடம் பெரிது. இதற்கிடையில், வருபவர்களுக்கு ஆசை காட்டும் எதையும் கொடுக்கக் கூடாது என்றது பல்கலைக்கழக அறநெறிக் குழு. கேக் ஆசையில் சேருமா என்று கேட்டேன். கூடி ஆலோசித்து, சேரும் என்றார்கள். அதனால் இன்று மேசையில் தண்ணீர் மட்டும் வைத்தேன். சாப்பாட்டு வண்டியை எப்போதும் திருப்பி அனுப்பும் பக்கத்து வீட்டு நோலீன் முதலில் வந்தார். மேசையைப் பார்த்தார், குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

"கேக்கை எங்க ஒளிச்சு வெச்சிருக்க, நரெல்?"

"கேக் இல்ல ஆன்ட்டி. குடுத்தா லஞ்சம் மாதிரி ஆயிடுமாம்."

"ஒரு துண்டு கேக்குக்கு யாருடீ விலைபோவா?"

"நான் போவேன்," என்றார் பின்வரிசையிலிருந்து கெவின். "ஜாம் பன்னா இருந்தா ரெண்டு கையெழுத்து."

எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று விதிப்படி அறிவித்தேன். விலகினார்கள். நோலீன் மட்டும் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலைய விட்டுட்டுப் படிக்கிறது கஷ்டமா இருக்கா, கண்ணு? ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட முடியலையா?"

குழுவின் விதி என்றேன். பொய் சொல்லும் குழந்தையிடம் தலையாட்டுவதுபோல ஆட்டினார்.

ஒரு கையெழுத்தும் இல்லை. நாளை இமோஜெனுக்கு எழுதி விலகிக்கொள்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே. அத்தானுக்கு என் விசாரிப்பு. மாடிப்படி வேண்டாம் என்று சொல்.

உன் தங்கை,
நரெல்

பி.கு. (வெள்ளி): இதை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மக்ரோனி, ஆட்டுக்கறிக் குழம்பு, அவித்த உருளைக்கிழங்கு, பாதிப் பழக்கேக். கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் சத்தமில்லாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கொசுவலைக் கதவுக்கு அப்பால் நோலீன், கையில் பூசணி சூப்.

"நீ உள்ளதான் இருக்கன்னு தெரியும். கெட்டில் சத்தம் கேக்குது."

"எனக்கு ஒண்ணும் வேணாம் ஆன்ட்டி. நல்லாத்தான் இருக்கேன். நெஜமா கஷ்டப்படறவங்களுக்குக் குடுங்க."

அவர் சூப் பாத்திரத்தை மறு கைக்கு மாற்றினார்.

"சாப்பாட்டு வண்டிக்காரிகிட்ட நான் சொல்றதாச்சே அது," என்றார்.

கதவைத் திறந்தேன். ஆய்வாளர் சூப் வாங்கக் கூடாது என்று விதிகளில் எங்கும் இல்லை, தேடிப் பார்த்தேன். நோலீன் உட்கார்ந்து, வாசலில் பாத்திரம் வைத்தவர்களையெல்லாம் போனில் கூப்பிட்டார். கெவினை ஜாமோடு வரச் சொன்னார். மதியத்துக்குள் ஆறு கையெழுத்தும் வந்துவிட்டன. இமோஜெனுக்கு எதுவும் எழுதவில்லை.

சூப்பில் உப்பு அதிகம்.