‘போட்டு வாறன்’ என்பதற்கு இங்கிலீசிலே என்ன?

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை பின்னேரம்.

அதுக்காக நீ உடனே கண்ணைக் கசக்கத் தொடங்காதே பிள்ளை, முதலில் முழுவதையும் வாசி. வகுப்பு நடந்துவிட்டது. நீ இல்லாமலே நடந்துவிட்டது. பொறு, பொறு, நான் கடிதத்தைத் தொடங்கின முறையே பிழை. பிள்ளையார் சுழி போட்டேன், ஆனால் அதற்குக் கீழே எழுத வேண்டியதை அந்தரத்திலே விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

அன்புள்ள மருமகள் யதுஷாவுக்கு, விநாயகப் பெருமானின் கடாட்சத்தாலும் கீழ்வீட்டு மர்லியாவின் ஒத்தாசையாலும் மாமி சிவமணி இங்கே உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறேன். அங்கே கோப்பாயில் நீயும் அம்மாவும், குளியலறையில் வழுக்கி விழுந்து காலுக்கு மாவுக்கட்டுப் போட்டிருக்கும் உன்ர அப்பாவாகிய என்ர அண்ணையும் சுகமாக இருக்க நாளுக்கு இரண்டு தரம் விளக்கு வைத்துக் கும்பிடுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால் “மாமி, என்ன வேலை செய்தனீங்கள்?” என்று பாதியிலே கத்துவாய். கடிதத்துக்கு நடுவிலே நீ கத்தினாலும் எனக்குக் கேட்காது. அண்ணையின் காலுக்கு அனுப்புகிற எண்ணெய்ப் போத்தலோடு பஸ் பார்சலில் வைக்கிறேன். எழுத்து ஊறிப் போயிருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாசி.

விசயம் என்னவென்றால், நீ ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது எனக்குச் சொன்னது ஒரே ஒரு வேலை. நீ நிரந்தர வேலை கேட்டிருக்கிற இங்கிலீஷ் இன்ஸ்ரிரியூட் ஹபீலா மேடம் வீட்டுப் போனுக்கு எடுத்தால், வியாழக்கிழமை எங்கட வீட்டிலே நீ படிப்பிக்கிறதை அவ பார்க்க வரவிருந்த வகுப்பை அடுத்த கிழமைக்குத் தள்ளிவைக்கச் சொல்ல வேண்டும். மேடமும் எடுத்தா. நானும் சொன்னேன்.

“அடுத்த கிழம நான் கொழும்பில இல்ல,” என்றா. “தெஹிவளையில இன்னொரு பிள்ளையும் கோர்ஸ் ஒண்டு பிளான் பண்ணி வச்சீக்கிறா. வியாழனுக்கு உங்களுக்கு ஏலாட்டி நாங்க அவட கோர்ஸ எடுப்போம்.”

அண்ணை என்ன சொல்லி வைத்திருக்கிறார்? ஆவணிக்குள்ளே நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் நீ கொழும்பை விட்டுக் கோப்பாய்க்குத் திரும்பிவிட வேண்டும் என்று. நீ மூன்று மாதமாகக் கண் முழித்துப் போட்ட பிளான். அது போனால் வேலை போச்சு, வேலை போனால் நீயும் போயிடுவாய், பிறகு இந்த மூன்றாம் மாடியிலே நானும் றெயில் சத்தமும்தான். அதனால், “வாங்கோ மேடம், வியாழக்கிழமை குருவுக்குரிய நாள், படிப்பிக்க நல்ல நாள்” என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. சொன்னால் நீ அண்ணையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பாய். காலுடைந்த மனிசனின் சாபம் எனக்கு வேண்டாம்.

உன்ர மேசையிலே பிளான் கிடந்தது. நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன், என்றாலும் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். மேலே கொட்டை எழுத்திலே ‘பிறீ இன்ரமீடியற்’ என்று இருந்தது. இந்தக் காலத்திலே யார் சும்மா படிப்பிக்கிறார்கள், பிள்ளைக்கு எவ்வளவு தரும சிந்தனை என்று கண் கலங்கிப்போய், கோயிலிலே பூசை முடிந்ததும் மைக்கை வாங்கி, “எங்கட வீட்டிலே வியாழக்கிழமை பிறீ இங்கிலீஷ் வகுப்பு, எல்லாரும் வாங்கோ” என்று அறிவித்துவிட்டேன்.

வியாழன் காலமை கதவைத் திறந்தால் படிக்கட்டு முழுக்கச் சனம். லிப்ற் ஒருக்கா வந்தால் ஆறு பேர், திரும்பப் போனால் இன்னும் ஆறு பேர். மர்லியா பிளானை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையிலே கை வைத்தாள்.

“சிவமணி அக்கா, இது ஃப்ரீ இல்ல. ப்ரீ.”

“ரெண்டும் ஒண்டுதானே மர்லியா?”

“எப்பிடி ஒண்டாகிற? ஃப்ரீயெண்டா சும்மா குடுக்கிற. ப்ரீயெண்டா முந்தின.”

“எதுக்கு முந்தினது?”

“நடுவாந்தரத்துக்கு முந்தின. ஒண்டும் தெரியாத ஆக்களும் வரேலா, நல்லாத் தெரிஞ்ச ஆக்களும் வரேலா.”

இவ்வளவு நுணுக்கமாக ஆட்களை எப்படிப் பிடிக்கிறது பிள்ளை? நீங்கள் யூனிவேசிற்றியிலே என்ன தராசு வைத்திருக்கிறீர்களோ தெரியாது. நான் வாசலிலே நின்று ஒவ்வொருத்தரிடமும் “ஹவ் ஆர் யூ?” என்று கேட்டேன். பேசாமல் சிரித்தவர்களுக்குக் கோயில் கடலை கொடுத்து அனுப்பினேன். “ஃபைன், தாங்க் யூ, அண்ட் யூ?” என்று தொடங்கி எனக்கு விளங்காத அளவுக்குக் கதைத்தவர்களுக்கும் கடலை கொடுத்து அனுப்பினேன். “ஃபைன்” என்றுவிட்டு அடுத்த சொல்லுக்குக் கூரையைப் பார்த்தவர்களை மட்டும் உள்ளே விட்டேன். சரியாத்தானே செய்திருக்கிறேன்? மர்லியாவையும் சேர்த்து அறை நிறைய ஆள். ஆம்பிளை ஒரே ஒரு ஆள், கொட்டாஞ்சேனை கிறிஸ்ரி. அவர் துறைமுகத்திலே வேலை செய்து பென்சன் எடுத்தவர், ஒஸ்ரேலியாவிலே இருக்கிற மகனிடம் போக இங்கிலீஷ் தேடுகிறார்.

ஹபீலா மேடம் வந்தா, நீ ஊருக்குப் போனதாலே உன்ர பிளானை நான்தான் நடத்தப் போறன் எண்டன், அவ மூலைக் கதிரையிலே இருந்தா. பேனையைத் திறந்தா. பிளானிலே முதல் வரி ‘வோமர்’, ஐந்து நிமிசம். வோமர் எண்டால் சூடாக்கிறதுதானே? நான் காலமையே மல்லிக் கோப்பி கொதிக்க வைச்சிருந்தனான், எல்லாருக்கும் சுடச்சுடக் குடுத்து மேலே சுத்தின ஃபானையும் நிப்பாட்டிப்போட்டன். ஐந்து நிமிசத்திலே எல்லாருக்கும் வேர்த்து வடியுது. மேடம் முந்தானையாலே விசிறுறா. நான் மனதுக்குள்ளே, பிளான் சொன்னபடி நடக்குது, எண்டு சந்தோசப்பட்டன்.

அடுத்த வரி ‘இலிசிற் ஆன்ஸர்ஸ்’. ஆன்ஸர் எண்டால் பதில், முதல் சொல்லு எனக்குத் தெரியேல்லை. கிறிஸ்ரி எட்டிப் பாத்தார்.

“அக்கா, இது நல்லதில்லக்கா,” எண்டார் மெல்லமா. “இலிசிட்டுன்னா கசிப்பு, கள்ளச்சாராயம். எங்க குடியிருப்புப் பக்கம் போன மாசமும் பொலிஸ் வந்து புடிச்சிட்டுப் போனாங்க.”

வியாழக்கிழமை விரதத்திலே நிக்கிறன், சாமிப் படத்துக்கு முன்னாலே நான் அதைச் செய்யிறதோ? உனக்கும் என்ன வந்தது பிள்ளை, இப்பிடியெல்லாம் எழுதி வைக்க? பேனையாலே அந்த வரியை வெட்டிப்போட்டு அடுத்ததுக்குப் போனன். அது ‘பெயர் வேர்க்’. சோடி சோடியா இருத்த வேணுமாம். பொம்பிளையள் தங்களுக்குள்ளே சோடி சேர்ந்திட்டினம், மிஞ்சினது கிறிஸ்ரியும் நானும். அவர் மரியாதையான மனிசன். ஆனாலும் பிறத்தி ஆம்பிளையோடை சோடி எண்டு என்னாலே ஏலாது. அவரைச் சுவாமிப் படத்துக்கு முன்னாலே இருத்தி, “நீங்கள் இவரோடை கதையுங்கோ” எண்டன். “கடவுள் முன்னால எல்லாரும் ஒண்ணுதான்க்கா” எண்டு அவரும் கையைக் கட்டிக்கொண்டு பிள்ளையாரிட்டை ‘வட் இஸ் யுவர் நேம்’ எண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்பத்தான் பிள்ளை பெரிய சிக்கல் வருது. முதலாம் பாடம் என்ன எழுதி வைச்சிருந்தனீ? வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை சொல்லிக்கொண்டு போறது. ஒருத்தர் எழும்பி, “ஐ ஆம் லீவிங் நவ், குட் பாய்” எண்டு சொல்ல வேணும், மற்றவர் கை காட்ட வேணும். நான் மர்லியாவை எழுப்பினன். மர்லியா பேப்பரைப் பாத்தாள், அதுக்குத் தமிழ் என்ன எண்டு கேட்டாள். ‘நான் இப்ப போறன்’ எண்டு மேடமே மூலையிலே இருந்து சொன்னா.

“நான் சொல்லமாட்டேன்,” எண்டாள் மர்லியா.

“ஏன் மர்லியா?”

“இதென்ன பேச்சு அக்கா? எங்கட உம்மா பொரளை ஆஸ்பத்திரில ஈக்கிறா, இங்கேரிந்து நேரா அங்கதான் போற. வாசல்ல நிண்டு ‘போறேன்’னு சொல்லியா வெளியாகிற? மய்யத்துத்தான் திரும்பி வராமப் போற. நான் போய்ட்டு வார ஆள்.”

அவ்வளவுதான். அறை முழுக்க “ஓம் ஓம், அது சரிதானே” எண்டு எழும்பீட்டுது. நானும் யோசிச்சன். என்ர மனிசன் கடைசியா வெளிக்கிட்ட அண்டைக்கு ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லாமல் அவசரத்திலே ‘போறன்’ எண்டுதான் சொல்லீட்டுப் போனவர், எனக்குத் தெரியும் அந்தச் சொல்லு செய்யிற வேலை. இங்கிலீஷ் எண்டாப்போலே விதிக்குக் காது கேக்காதோ? நான் பிளானைக் கவிட்டு வைச்சிட்டு, “எல்லாரும் சொல்லுங்கோ, ஐ கோ அண்ட் கம்” எண்டன். எல்லாரும் ஒரே குரலிலே, “ஐ கோ அண்ட் கம்!” றெயில் போன சத்தமும் அதிலே அமுங்கிப் போச்சு.

மேடம் எழும்பீட்டா. “அப்பிடி இங்கிலீஷ்ல சொல்றேல்ல. பிழை. ஐ ஆம் லீவிங் எண்டுதான் வரோணும்.”

உன்ர வேலை வாசலைத் தாண்டிப் போயிட்டுது எண்டு நினைச்சன். ஆனா கிறிஸ்ரி விடேல்லை. அவர் இங்கிலீசிலேயே தொடங்கினார். “மேடம், ஐ டெல் மை வைஃப், ஐ ஆம் லீவிங். ஷீ கட்ச் மை ஷேர்ட். ஷீ ஆஸ்க், லீவிங் ஹூ? லீவிங் மீ?”

அறை சிரிச்ச சிரிப்பிலே கீழ்வீட்டுக்காரர் மேலே பாத்திருப்பினம். மேடம் சிரிக்காம இருக்கப் பாத்து, ஏலாமல் போச்சு. மர்லியாவும் இங்கிலீசிலே இறங்கீட்டாள். “மேடம், யுவர் மதர், வென் யூ கோ அவுட், வட் யூ ஸே?” எண்டு கேட்டாள். மேடம் பேனையை மூடினா. பிறகு, “உம்மாட்ட நான் ‘போய்ட்டு வாரேன்’னுதான் சொல்ற” எண்டா. “தென் வை யூ டெல் மீ ‘லீவிங்’?” எண்டு மர்லியா விடாமல் பிடிச்சாள். அதுக்குப் பிறகு ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு சண்டை. எல்லாம் உடைஞ்ச இங்கிலீசிலே. கூரையைப் பாத்தவையெல்லாம் மேடத்தின்ர முகத்தைப் பாத்துக் கதைக்கினம். ‘ஐ வில் பி பக்’ நல்லதா, ‘ஸீ யூ லேற்றர்’ நல்லதா எண்டு வாக்குவாதம். ‘ஸீ யூ’ எண்டால் பாக்கிறது மட்டும்தானாம், வீட்டுக்கு வாறது அதிலே இல்லையாம், அது காணாதாம் எண்டு ஒரு மனிசி. கடைசியிலே ‘ஐ வில் பி பக்’ வெண்டது.

எல்லாம் முடிஞ்ச பிறகு மேடம் என்னைக் குசினிக்குள்ளே கூப்பிட்டா. நான் சாமியை நினைச்சுக்கொண்டு போனன்.

“மாமி, உங்களுக்குப் படிப்பிக்கத் தெரியா,” எண்டா.

“ஓம் மேடம்.”

“ஆனா இவ்வளவு காலத்தில இந்த லெவல் ஆக்கள் இவ்வளவு நேரம் இங்கிலீஷ்ல வாக்குவாதப்பட்டு நான் கண்டதே இல்ல. யதுஷாட பிளான் நல்லம். யார் கொண்டு போனாலும் ஓடுது. முதல் பாடத்த மட்டும் மாத்தச் சொல்லுங்க, வெளியாகிறத்துக்குப் பதிலா திரும்பி வாறத்த வைக்கச் சொல்லுங்க. திங்கள் லெட்டர் தாறேன்.”

பிள்ளை, எனக்கு நிண்ட இடத்திலேயே கண்ணீர். மல்லிக் கோப்பி இன்னொரு கோப்பை குடுத்தன். மேடத்தை லிப்ற் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுட்டு வந்துதான் இதை எழுதிறன். ஆகவே மருமகளே, நீ ஒண்டுக்கும் யோசியாதே. அண்ணைக்கு என்ர கடிதத்தைச் சத்தமா வாசிச்சுக் காட்டு, கசிப்பு வாற இடத்தை மட்டும் விட்டு வாசி. ஆவணிக்குள்ளே வேலை நிரந்தரம் எண்டு சொல்லு. இனி உன்னைக் கோப்பாயிலே பிடிச்சு வைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. விநாயகர் உனக்குத் துணை நிப்பார், உன்ர கோர்ஸ் மாதிரி உன்ர வாழ்க்கையும் நிறைஞ்சு நடக்க வேணும், அம்மாவுக்கு என்ர அன்பு, மாவுக்கட்டு வெட்டின பிறகு அண்ணையின்ர காலுக்கு எண்ணெயைப் பதமாச் சூடாக்கிப் பூசு.

இப்படிக்கு,
உன் மாமி,
சிவமணி

பி.கு. பார்சலைக் கட்டிறதுக்கு முன்னம் கிறிஸ்ரி மறந்து விட்டுட்டுப் போன குடையை எடுக்க வந்தவர். நல்ல செய்தியைச் சொன்னன். மேடம் கடைசியாப் போகேக்கை என்ன சொன்னவ எண்டு கேட்டார். அப்பத்தான் எனக்கும் ஞாபகம் வந்தது. லிப்ற்றுக்குள்ளே ஏறி நிண்டுகொண்டு இங்கிலீசிலே ஒரு கேள்வி கேட்டவ. “ஷீ ஹேஸ்ன்ற் ஜொயின்ட் எனிவேர் எல்ஸ்?” நீ வேற இடத்திலே வேலைக்குச் சேரேல்லைத்தானே எண்டுதான் கேட்டது, எனக்கு வடிவா விளங்கினது. ஓம், சேரேல்லை எண்டு சொல்லத்தான் நான் “யெஸ் மேடம், யெஸ்” எண்டனான். மேடத்தின்ர முகம் ஒரு மாதிரிப் போச்சு, “அப்ப அவட நல்லத்துக்கு துஆ செய்றேன்” எண்டா. ஆசீர்வாதம் எண்டு நான் கை கூப்பினன். கிறிஸ்ரி குடையைக் கீழே போட்டுட்டு நெத்தியிலே அடிக்கிறார். கப்பலிலே ஒருக்கா, சாமான் ஒண்டும் உடையேல்லையா எண்டு கப்டன் கேட்க இவர் ‘யெஸ்’ எண்டாராம், எல்லாத்தையும் திருப்பி இறக்கிப் பாத்தவையாம். இங்கிலீசிலே இப்பிடிக் கேள்விக்கு ‘நோ’ எண்டாத்தான் எங்கட ‘ஓம்’ எண்டு அர்த்தமாம். அப்ப நான் சொன்னது, நீ வேற வேலைக்குச் சேர்ந்திட்டாய் எண்டாம். இதை உனக்குப் போனிலே சொல்ல எனக்குத் துணிவில்லை, நீ வாசிச்ச கையோடை மேடத்துக்கு எடு. யெஸ் எண்டு ரெண்டு தரம்தான் சொன்னனான் எண்டு சொல்லு. இல்லைப் பிள்ளை, பொறு, மூண்டு. லிப்ற் கதவு மூடேக்கை மேடம் திருப்பியும் “ஆர் யூ ஷுவர்?” எண்டு கேட்டவ.