அனீஸாவின் கலியாண டிஸ்க்

அலவத்துகொட,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

பெருமதிப்புக்குரிய அரூஸ் மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும், உங்கள் தங்கை றம்லத்தும், இளைய மகள் பஸ்லினாவும் இவ்விடம் சுகம். மாவனல்லையில் தாங்களும் மதினியும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். மழை பரவாயில்லை, மிளகுதான் இம்முறை குறைவு. நான் போன் எடுத்தால் நீங்கள் பேசுவதில்லை, வாட்ஸ்அப்பிலும் என்னை பிளாக் பண்ணிவிட்டீர்கள். முப்பத்தொரு வருடம் தபால் அதிபராக இருந்தவனுக்கு வேறு வழியா தெரியாது? கடிதத்தை யாராலும் பிளாக் பண்ண முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பஸ்லினாவின் கலியாணம் அடுத்த மாதம் பதினெட்டாம் திகதி. கார்டு அனுப்பினோம், திருப்பி அனுப்பினீர்கள். "ஹாஷிம்ட வீட்டுச் சோறு எனக்கு ஒருக்காப் போதும்" என்று என் வீட்டைப் பற்றி றம்லத்திடம் சொன்னீர்களாம். பதின்மூன்று வருடமாக இதே கதை. மூத்தவள் அனீஸாவின் கலியாணத்தில் உங்களை மாப்பிள்ளையோடு ஒரே சஹனில் உட்காரவைக்காமல், மண்டபத்தின் கடைசியில் முன்பின் தெரியாத ஐந்து பேரோடு ஆறாவது ஆளாக அந்தப் பெரிய தட்டைச் சுற்றிச் சாப்பிட விட்டேனாம், கண்டும் காணாதவன் மாதிரிப் போனேனாம். மச்சான், நான் சத்தியம் பண்ணுவேன், இந்தக் கையால் உங்கள் கையைப் பிடித்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கோழிக்காலை உங்கள் பக்கம் திருப்பி வைத்ததுகூட நினைவிருக்கிறது. றம்லத்துக்கு இருக்கும் ஒரே சகோதரன் நீங்கள். நீங்கள் வராத கலியாணத்தில் அவள் எப்படி நிற்பாள்? ஆகவே, வாய்ப்பேச்சு வேண்டாம், சாட்சியோடு பேசுவோம் என்று அலுமாரியிலிருந்து அந்தக் கலியாண டிஸ்க்கை எடுத்துவைத்தேன். உங்கள் முகம் தெரியும் இடத்தைப் படமாகப் பிடித்துப் பெரிதாக அச்சடித்து அனுப்புவது என் திட்டம். "டிஸ்க் எதுக்கு? பேசாம மாவனல்லைக்குப் போய் நானாவக் கூப்பிடுங்களே" என்று உங்களைத்தான் சொன்னாள் றம்லத். பிழை செய்யாதவன் ஏன் போய்க் கெஞ்ச வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டேன். தட்டு உள்ளே போனது, லைட் எரிந்தது, உள்ளே கிர்ரென்று சுற்றியும் விட்டது. ஆனால் திரையில் பார்த்தால் டிஸ்க் டிரைவ் என்ற ஒன்றே அந்த மெஷினில் இல்லையாம்! தன் வயிற்றுக்குள் சுற்றுவது எனக்குக் கேட்கிறது, அதற்குத் தெரியவில்லை. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் பாருங்கள். பஸ்லினா, நல்ல பிள்ளை, கூடவே இருந்து உதவினாள். "வாப்பா, ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க" என்றாள், பதினொரு தடவை செய்தேன். "லென்ஸ்ல தூசி ஈக்கும்" என்றாள், பஞ்சில் ஓடிகலோன் தொட்டுத் துடைத்தேன், இப்போது அறை மையத்துக் குளிப்பாட்டிய வீடு மாதிரி மணக்கிறது. திங்கட்கிழமை கண்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தெல்தோட்டை யோகராஜுக்குப் போன் எடுத்தேன். "சேர், மொதல்ல பெட்டி மூடியக் கழட்டுங்க. டிரைவுக்குப் பின்னாடி செவப்பா ஒரு கேபிள் இருக்கணும். அது இருக்கான்னு பாத்துட்டுப் பேசுங்க" என்றார். வாங்கி ஒன்பது வருடம், ஒருவரும் மூடியைத் திறக்கவில்லை, கேபிள் என்ன நடந்தா போயிருக்கும் என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

பிறகு இணையத்தில் ஒரு வீடியோ. ஒருவர் ஹிந்தியில் படபடவென்று விளக்குகிறார். மொழி விளங்காவிட்டாலும் மனிதர் எதை அமுக்குகிறார் என்று பார்த்து நானும் அமுக்கினேன். அவர் திரையில் இரண்டு வரியை அழித்தார், நான் பாதுகாப்புக்காக ஐந்தை அழித்தேன். டிரைவ் வரவில்லை, கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் இருந்த சத்தமும் போய்விட்டது. சரி, பழைய டிவிடி பிளேயர் எங்காவது இருக்கும் என்று ஊரெல்லாம் அலைந்தால், இருந்த ஒன்றே ஒன்றின் மேல் ரைஸ் குக்கரை வைத்திருக்கிறார்கள். கெஞ்சி வாங்கிவந்து திறந்தேன், உள்ளே எறும்புப் புற்று. வீட்டில் றம்லத் ஐந்து நாளாக, "போதும், விட்டுட்டு நானாட வீட்டுக்குப் போங்க" என்று ஒரே பாட்டு. விடுவேனா? நாளை பழைய டிரைவைக் கழற்றிக் கண்டிக்குக் கொண்டுபோய், அதே மாதிரிப் புதிது வாங்கி வருவேன். படம் உங்கள் கைக்கு வந்ததும் நீங்களாகவே முன்வந்து மன்னிப்புக் கேளுங்கள். நான் இழுத்தடிக்க மாட்டேன், உடனே மன்னித்துவிடுவேன்.

வல்ல நாயன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், சீனி வருத்தத்துக்குச் சுகத்தையும், பழையதைச் சரியாக நினைவு வைக்கும் புத்தியையும் தருவானாக. மதினிக்கு எங்கள் எல்லோருடைய ஸலாமும்.

இங்ஙனம்,
சொன்ன சொல் மாறாத உங்கள் மச்சான்,
ஏ. எம். ஹாஷிம்,
தபால் அதிபர் (ஓய்வு).

பி.கு.: சனிக்கிழமை. முத்திரை ஒட்டிய பிறகு உறையைக் கிழித்து எழுதுகிறேன். காலையில் டிரைவைக் கழற்ற மூடியைத் திறந்தேன். சிவப்புக் கேபிள் இல்லை. சத்தம் போட்டேன். பஸ்லினா தாயைப் பார்த்தாள். றம்லத் குசினிக்குப் போய்க் கறுவாப்பட்டை டின்னைத் திறந்து அதை எடுத்து நீட்டினாள். நான் டிஸ்க்கை வெளியே எடுத்த அன்று, தொழப் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் மகளைக் கொண்டு கழற்றியிருக்கிறாள். "நானும் பஸ்லினாவும் அந்த டிஸ்க்க எப்பவோ பாத்திட்டோம். நானா செல்றது சரி. பாத்தா நீங்க வெக்கத்துல அவர்ட மொகத்துலயே முழிக்க மாட்டீங்க. பாக்காட்டி, வேற வழியில்லாமப் போய்க் கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க கடிதம் எழுதுறீங்க!" என்றாள்.

கேபிளைச் செருகியதும் டிரைவ் வந்துவிட்டது. சத்தத்தை நானே அழித்துவிட்டதால் படம் ஊமையாக ஓடியது. நான் ஒருவருடைய கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கூட்டிப்போகிறேன். அவர் பேங்க் மனேஜர், மச்சான். கோழிக்காலும் அவருக்குத்தான். அவருக்குப் பின்னால் நீங்கள், கை கழுவிவிட்டு, ஈரக் கையோடு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் உங்கள் முகத்தை நேராகப் பார்க்கிறேன், திரும்பிப் போகிறேன். கை காயும்வரை நின்றுவிட்டு நீங்களாகவே கடைசிச் சஹனுக்கு நடக்கிறீர்கள். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்ப்யூட்டரைத் திட்டியதெல்லாம் எனக்கே பொருந்தும்.

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. எவ்வளவு நிச்சயமாகப் பிழை விட்டேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும். முத்திரையை உரித்துவிட்டேன், நாளை முதல் பஸ்ஸில் இதை நானே கொண்டுவருகிறேன். மறு கையில் றம்லத் அவித்த வட்டிலாப்பம் இருக்கும். கதவைத் திறந்ததும் என்னை யாரென்றே தெரியாதவர் மாதிரிப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. வட்டிலாப்பத்தை மட்டும் உள்ளே எடுத்துவிடுங்கள், நான் படியில் காத்திருக்கிறேன்.