ராட்டினத்துக்குக் கட்டிய வாழைக்கன்று

மாலை நான்கு இருபதுக்கு எல்லாம் கெட்டுப்போனது. இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம், ராட்டினம் ஒரு சுற்று வர எத்தனை நேரம் ஆகிறது என்று பார்க்க அப்போது கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். (மென்பொருள் சோதிப்பவன் நான். எதில் என்ன கோளாறு வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.) சுற்று முடியவில்லை. ராட்டினம் ஒரு முனகலோடு நின்றது. உச்சியைச் சற்றே தாண்டியிருந்த தொட்டிலில் என் ஒன்பது வயது மகள் நித்யா உட்கார்ந்திருந்தாள்.

ஹைதராபாத்தில் கடல் கிடையாது. ஆனால் என் மனைவி செல்வி வளர்ந்த லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில், தமிழர்கள் அந்த ஏரிக்கரைப் பூங்காவை ‘பீச்’ என்றுதான் சொல்வார்கள். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. அந்த ராட்டினம் முதலில் ஏதோ ஒரு கடற்கரையில்தான் சுற்றிக்கொண்டிருந்ததாம். பூங்கா உரிமையாளர் ஜாபர் பாயின் அப்பா அதை வாங்கி, கழற்றி, கூட்ஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ஏரிக்கரையில் நட்டார். தசரா விடுமுறைக்கு ரயில்வே காலனியே திரண்டு வருமாம். தமிழ்க் கூட்டத்தைச் சமாளித்துச் சமாளித்தே ஜாபர் பாய் தமிழ் கற்றுக்கொண்டார்.

நாங்கள் கொண்டாப்பூரில் ஃப்ளாட் வாங்கிய காலத்தில் பூங்கா கடைசி மூச்சில் இருந்தது. கண்ணாடிக் கட்டடங்களும் மால்களும் முளைத்துவிட்ட ஊரில், காது உடைந்த மரக்குதிரைமேல் ஏற யார் வருவார்கள்? சிரிப்புக் கண்ணாடி அறையில் உடையாமல் மிஞ்சிய ஒரே கண்ணாடி ஆளை ஒழுங்காகக் காட்டியது. ஏரி நுரைத்தது. மாநகராட்சி எல்லாவற்றையும் இடித்துவிட்டு கார் நிறுத்துமிடம் கட்டப்போவதாகச் செய்தி வந்ததும் செல்வி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உடனே எங்கள் அப்பார்ட்மென்ட்டில் பூங்காவைக் காப்பாற்ற ஒரு குழு உருவானது. நான்தான் செயலாளர்.

“காப்பாத்துங்க, வேண்டாங்கல” என்றாள் செல்வி. “ஆனா எதையும் தொடாதீங்க.”

அலைந்து திரிந்ததில், பழைய கட்டடங்களைக் காக்கும் பிரிவிலிருந்து மூர்த்தி காரு (‘காரு’ தெலுங்கில் மரியாதைச் சொல்) என்ற அதிகாரி பார்வையிட ஒப்புக்கொண்டார். ராட்டினம் பத்திரமாகச் சுற்றினால், பாதுகாக்க வேண்டியது என்று எழுதுவார். சுற்றாவிட்டால் பழைய இரும்புக்கு எடைபோட்டுவிடலாம். அவருக்குத் தோதான நாள், ஆயுத பூஜைக்கு முதல் நாள்.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் சாத்தூர்க்காரன். ஆயுத பூஜை வந்தால் லாரி முதல் தீப்பெட்டி ஆபீஸ் மெஷின் வரை வாழைக்கன்று கட்டாத சக்கரம் எங்கள் ஊரில் இருக்காது. இத்தனை பெரிய சக்கரத்தை, அதுவும் அதன் தலைவிதி தீர்மானமாகும் நாளில், மொட்டையாகவா விடுவது? செகந்திராபாத் மார்க்கெட்டில் ஆள் உயரத்துக்கு இரண்டு கன்றுகள் வாங்கி வந்தேன்.

ஜாபர் பாய் தாடியைத் தடவினார். “சக்கரத்துகிட்டயே கட்டணுமா சாப்? கேட்ல கட்டினா போதாதா? கைக்கு? எதுக்கு வம்பு?”

சக்கரத்துக்குத்தான் பூஜையே என்று விளக்கிவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, தூணுக்கு ஒன்றாக நானே கட்டினேன். முடிச்சைச் சோதித்தேனா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். சோதிக்கவில்லை.

மூர்த்தி காரு வந்தார். ஊதினால் பறந்துவிடும் உடம்பு. தனியாக உட்கார்ந்தால் தொட்டில் ஒரு பக்கம் சாய்கிறது, கூட யாராவது வேண்டும் என்றார். குழு உறுப்பினர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் ஏரியின் அழகைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் பல்பு மாற்றவே ஸ்டூலில் ஏறாதவன். நித்யாவோ அதற்குள் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டிருந்தாள். சைக்கிளின் பக்கச் சக்கரங்களை அவளுக்கு எட்டு வயதாகும்வரை கழற்றவிடாத நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: “என் பொண்ணையே அனுப்புறேன் சார். இதைவிட என்ன சர்டிபிகேட் வேணும்?”

இன்றும் இந்த வாக்கியம் சில இரவுகளில் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது.

முதல் இரண்டு சுற்றுகள் அழகாகப் போயின. மூன்றாவதில் காற்று அடித்தது. முடிச்சு அவிழ்ந்து, ஒரு வாழைக்கன்று மெதுவாகச் சாய்ந்து, சக்கரத்தைச் சுழற்றும் கம்பிவடத்துக்கும் கப்பிக்கும் நடுவே நுழைந்தது. வாழைத் தண்டு இவ்வளவு உறுதியாகச் சிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மோட்டாரிலிருந்து புகை வந்தது. ஜாபர் பாய் ஓடிப்போய் அணைத்தார்.

தொட்டில் காற்றில் ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆணியில் கிரீச்சென்று ஒரு சத்தம். ஏரிக்கு அப்பால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. “நித்யா, கம்பியை விடாதே” என்று கத்தினேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மேலிருந்து அவள் குரல் தெளிவாக வந்தது. “அப்பா, அங்கிள் ஏடுஸ்துன்னாரு!” பள்ளிக்கூடத்துத் தெலுங்கு. அங்கிள் அழுகிறாராம்.

அந்த நேரம் பார்த்து செல்வி போன் செய்தாள். செகந்திராபாத் வங்கிக் கிளையில் அவளுக்கு வேலை முடிந்துவிட்டது.

“எங்க இருக்கீங்க?”

“பீச்ல.”

“நித்யா?”

“மேல இருக்கா.”

“மேலன்னா?”

நான் அண்ணாந்து பார்த்தேன். “ஆட்டோ!” என்று அவள் யாரையோ கூப்பிடுவது கேட்டது. போன் கட்டானது.

கன்றை வெட்டி எடுப்பது சுலபம் என்றார் ஜாபர் பாய். வெட்டிய பிறகுதான் ஆபத்து. பிடி விட்டதும், மேலே இருக்கும் பாரத்தால் சக்கரம் தன்னிஷ்டத்துக்குக் கீழே ஓடிவரும். எதிர்ப்பக்கத் தொட்டிலில் சமமாக ஒரு பாரம் இருந்தால், நாலு பேர் விளிம்பைப் பிடித்து மெல்லத் திருப்பி அவர்களை இறக்கிவிடலாம். இரண்டு பேராவது வேண்டுமே என்று குழுவினர் முனகினார்கள். ஜாபர் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நக்கோ, வேண்டாம். சாப் ஒருத்தரே போதும்.”

என் எடை அன்றுதான் முதல்முறையாக யாருக்கோ பயன்பட்டது. ஏறி உட்கார்ந்தேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கீழே அரிவாள் விழும் சத்தம் கேட்டது. தொட்டில் ஒருமுறை குலுங்கியது. பூமி என்னைவிட்டுப் போக ஆரம்பித்தது. கண்ணை மூடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் பாதி வழியில், சக்கரத்தின் மறுபக்கம், அவள் இறங்கி வருவதைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். மூர்த்தி காருவின் கையை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பதிலுக்கு அசைக்க நான் கம்பியை விட வேண்டியிருந்தது, விடவில்லை.

அவள் கால் தரையில் பட்டது. நான் உச்சியில் இருந்தேன். அப்போதுதான் எனக்கும் கீழே இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரு விஷயம் உறைத்தது: என்னை இறக்குவதற்கு ஈடான பாரமாக ஏற இனி யாரும் தயாராக இல்லை. சக்கரத்தைத் தூணோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். மெக்கானிக்கைக் கூப்பிட ஆள் போனது. மழை தூற ஆரம்பித்தது.

பூங்கா பிழைத்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூர்த்தி காரு நேர்மையானவர். ராட்டினம் பழமையானது, அரியது, காக்கப்பட வேண்டியது என்று எழுதினார். எக்காரணம் கொண்டும் இனி சுற்றக் கூடாது என்றும் எழுதினார். இன்று அது புதுப் பெயின்ட் பூசி, சுற்றிலும் வேலி போட்டு, அசையாமல் நிற்கிறது. அதன் நிழலில் காபிக் கடை. காதுள்ள புதுக் குதிரைகள் மட்டும் சுற்றுகின்றன. ஆயுத பூஜை வந்தால் என் வீட்டில் சைக்கிளுக்குப் பொட்டு வைக்கக்கூட என்னை விடுவதில்லை. இப்போது கல்லூரிக்குப் போகும் நித்யா, செல்வி அன்று சொன்னதை அவள் குரலிலேயே சொல்லிக்காட்டி என்னை விலக்கிவிடுவாள்.

ஏனென்றால் அன்று கடைசியாக வந்தது செல்விதான். ஆட்டோ நிற்பதற்குள் குதித்து, செருப்பு ஒன்று கழன்றுபோக ஓடிவந்தது மேலிருந்து தெரிந்தது. நித்யாவை இறுக்கிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். தோள்கள் குலுங்கின. பிறகு நித்யா விரலை நீட்டிக் காட்டினாள். செல்வி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெட்டிப்போட்டிருந்த வாழைக்கன்றைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

பத்துப் பேர் சேர்ந்து கயிற்றைப் பிடித்தால் என்னை இப்போதே இறக்கிவிடலாம், ஆளைக் கூப்பிடட்டுமா என்று ஜாபர் பாய் கேட்டார். செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நக்கோ பாய். மெக்கானிக் வர்ற வரைக்கும் அங்கயே இருக்கட்டும். கீழ வந்தா இன்னும் எதையாவது கட்டுவார்.”