மூன்று துறைகளும் என் வீட்டு வாசலும்

அரசுத் துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்று முன்பெல்லாம் குறை சொல்வேன். பேசிக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்த்தபிறகு விட்டுவிட்டேன்.

அப்போது வேளச்சேரியில் எங்கள் தெருச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். (போட்டியின்றித் தேர்வு, வேறு யாரும் வரவில்லை.) பக்கத்து வீட்டுத் தரைத்தளத்தில் சலீம் பாயின் தையல் கடை. அரை மணி மழைக்கே உள்ளே தண்ணீர் வந்துவிடும். தையல் மெஷின்களை மேசைமேல் ஏற்றிவிட்டு நின்றுகொண்டே இருப்பார்.

"இந்த மழைக்கும் பூந்துச்சின்னா கடைய காலி பண்ணிக்கினு போயிடுவேன் சார்."

"நான் இருக்கேன் பாய்" என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கழிவுநீர்க்காரர்கள் மழைநீர் வடிகால்காரர்களைக் கைகாட்டினார்கள். அவர்கள் ஏரிக்காரர்களை. ஏரிக்காரர்கள், "ஏரி காஞ்சி கிடக்கு சார், தெருவைப் பாருங்க" என்றார்கள். விடாமல் மனு எழுதி, மூன்று பொறியாளர்களையும் ஒரே காலையில் தெருவுக்கு வரவழைத்தேன். "தண்ணிக்கு டிபார்ட்மென்ட் தெரியுமா?" என்று காபி கொடுத்து உரையாற்றினேன்.

அவர்கள் பேச்சை விட்டு, ஒரு லாரித் தண்ணீரைத் தெருமுனையில் திறந்துவிட்டார்கள். தண்ணீர் போன வழியில் தெருவே நடந்தது. அது நேராக வந்து, என் வீட்டு வாசலில் முட்டி, சலீம் பாய் கடைப் பக்கம் திரும்பியது.

"இங்க வடிகால் வாய் இருக்கணுமே. இந்த ராம்ப் யாரோடது?" என்றார் வடிகால் பொறியாளர் அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புதுக் கார் ஏற நான் போட்ட கான்கிரீட் சரிவு அது. "அந்த ஓட்டையையும் சேத்து அடைச்சிடுப்பா, கொசு வருது" என்று மேஸ்திரியிடம் சொன்னதும் நான்தான்.

"இன்னொரு ரவுண்டு காபி போடட்டுமா? உடைக்க நேரமாகும்ல" என்றாள் என் மனைவி.

ஏரிக்காரர் இயந்திரம் வரவழைத்தார். வடிகால் அம்மா ஆட்கள் தந்தார். கழிவுநீர்க்காரர் தன் குழாய் உடையாதபடி கோடு போட்டுக் கொடுத்தார். அப்படியொரு ஒற்றுமையை என் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. மதியத்துக்குள் ராம்ப் போய்விட்டது. கார் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் இரண்டு நாள் விடாமல் மழை. பயந்துகொண்டே கடைக்குப் போனேன். தரை காய்ந்திருந்தது. மெஷின்கள் கீழேயே ஓடிக்கொண்டிருந்தன. சலீம் பாய் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்றும் வீட்டில் நான் எதைக் குறை சொன்னாலும், "மூணு பேரையும் கூப்பிடட்டாப்பா?" என்கிறாள் மகள். சலீம் பாய் மட்டும் வாடிக்கையாளர்களிடம், "என் கடைக்காகத் தன் வாசலையே இடிச்ச மனுசன்" என்று என்னைக் காட்டுகிறார். நான் மறுத்ததே இல்லை.