ஏவாசியோ வீட்டு ஒயின் இன்னும் தயாராகவில்லை

உலகத்தில் அவசரமே படாத நீதிமன்றம் ஒன்று உண்டென்றால், அது எங்கள் ரொக்காவெர்னா ஊரின் 'முதிர் ஒயின் மதிப்பீட்டுக் குழு'தான். மற்ற நீதிமன்றங்கள் கொலைக் குற்றவாளியைக்கூட நாலைந்து வருடத்தில் ஏதாவது ஒரு பக்கம் அனுப்பிவிடுகின்றன. நாங்கள் ஒரே ஒரு ஒயினை எட்டு வருடம் விசாரித்தோம். அந்த எட்டு வருடமும் குழுவின் செயலாளராக இருந்து, குறிப்பேட்டை முத்து முத்தான எழுத்தில் எழுதிவந்தவன் நான். ஆகவே இந்த மகத்தான வரலாற்றைப் பதிவு செய்யும் தகுதி எனக்கு மட்டுமே உண்டு.

குழுவின் தலைவர் மருந்துக்கடை டாக்டர் பெர்த்தினோ. அவர் 'நல்லா இருக்கு' என்று எதையும் சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை. அதனால்தான் அவரைத் தலைவராக்கினோம். இரண்டாமவர் பங்குச் சாமியார் ஃபாதர் செலஸ்தீனோ. தினமும் பூசையில் ஒயின் குடிப்பவர் என்பதால் 'அனுபவப் பிரிவு' அவருடையது. மூன்றாமவன் காப்பீட்டு முகவர் ஃபுல்வியோ. தொரீனோ நகரில் மூன்று வார இறுதிகளில் ஒயின் படிப்புப் படித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழும், ஐம்பத்து நான்கு வாசனைகளைக் குப்பியில் அடைத்த ஒரு பெட்டியும் வாங்கி வந்திருந்தான். அது 'விஞ்ஞானப் பிரிவு'.

எங்கள் விதிகள் எளிமையானவை. ஊர் முத்திரை வேண்டும் என்பவர் தன் நெபியோலோ திராட்சை ஒயினைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். நாங்கள் நிலவறைக் கதவுக்குச் சிவப்பு அரக்கு வைப்போம். 'தயார்' என்ற தீர்ப்பு வரும்வரை, செய்தவரோ அவர் குடும்பமோ ஒரு சொட்டு தொடக்கூடாது. தொட்டால், ஊராட்சி மன்ற வாசலில் இருக்கும் பளிங்குப் பலகையிலிருந்து குடும்பப் பெயரைச் செதுக்கி எடுத்துவிடுவோம். எங்கள் ஊர்க்காரர்கள் கல்லறையில் பெயர் இல்லாமல் கிடக்கவும் சம்மதிப்பார்கள், அந்தப் பலகையில் பெயர் இல்லாமல் உயிரோடிருக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் பதினொன்று, புனித மார்ட்டின் திருநாளன்று, குழு அந்த வீட்டுக்குப் போய் ஒரு பாட்டிலைத் திறந்து சுவைக்கும். விதி ஏழு: வெறும் வயிற்றில் தீர்ப்புச் சொல்லலாகாது. எனவே மதிய விருந்து வீட்டுக்காரர் பொறுப்பு. விதி ஒன்பது: விருந்தில் மாட்டிறைச்சி இருக்க வேண்டும், அது அதே ஒயினில் ஊறி, அதே ஒயினில் மணிக்கணக்காக வெந்திருக்க வேண்டும். அதற்காகச் செயலாளர் அரக்கை உடைத்து இரண்டு பாட்டில் எடுத்து, ஒன்றை மேஜைக்கும் ஒன்றை அடுப்புக்கும் கொடுத்து, மறுபடி அரக்கு வைப்பார். இந்த விதிகளை எழுதியவர் பெயர் தெரியவில்லை. சாப்பிடத் தெரிந்தவர் என்பது மட்டும் தெரிகிறது.

குழு தாமதம் செய்யும் என்று சிலர் அவதூறு பேசுவதுண்டு. கல்யாணமாகாத செகோந்தோவின் வழக்கைப் பாருங்கள். அவர் மாட்டிறைச்சியைக் கருக்கி, துணைக்கு டப்பா மத்தி மீனையும் ரொட்டியையும் வைத்தார். அவருடைய ஒயின் முதல் வருடமே, முதல் வாயிலேயே 'தயார்'. தேவைப்பட்டால் குழுவால் மின்னல் வேகத்தில் இயங்க முடியும்.

ஏவாசியோவின் வழக்கு வேறு மாதிரி.

அது ஆலங்கட்டி மழை பாதித் தோட்டத்தை அடித்துக்கொண்டு போன வருடத்து ஒயின். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாமல், மிஞ்சிய குலைகளை ஏவாசியோவும் அவர் மனைவி தெல்ஃபீனாவும் மட்டுமே நின்று பறித்தார்கள். அடிபட்ட பழங்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டதில் தெல்ஃபீனாவின் விரல்கள் கிறிஸ்துமஸ்வரை கறுப்பாக இருந்தன. மரப் பீப்பாயில் மூன்று வருடம், பாட்டிலில் ஒரு வருடம் கிடந்தபின் எங்களிடம் வந்தது. தெல்ஃபீனாவுக்கு ஒரே ஆசைதான். ஊர் 'தயார்' என்று சொன்ன பிறகு, தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, அதில் ஒரு கோப்பை குடிக்க வேண்டும். நாற்பது வருடமாக அந்த மேஜையைச் சுற்றி நின்றே பழக்கப்பட்டவர்.

முதல் வருடம் டாக்டர் கோப்பையைச் சாய்த்தார், சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டு வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

"ஃபுல்வியோ, உனக்கு என்ன தெரியுது?"

ஃபுல்வியோ குப்பிகளைத் திறந்து திறந்து மூடினான். "ரோஜா. தார். காய்ஞ்ச செர்ரி. அப்புறம்... நனைஞ்ச நாய்."

"எந்த வகை நாய்ப்பா?" என்று கேட்டார் ஃபாதர், உண்மையான அக்கறையோடு.

"வேட்டை நாய், ஃபாதர்."

"அப்ப இது சின்ன வயசு ஒயின்தான்," என்றார் டாக்டர். "துவர்ப்பு நாக்கைப் புடிச்சு இழுக்குது. ஆனா அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. கேக் வரட்டும்."

ஹேசல்நட் கேக் வந்தது, போனது. அதன் பிறகே தீர்ப்பு வந்தது. குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள். தீர்ப்பு: 'தயாராகவில்லை.' காரணம்: 'இளமையின் துடுக்கு.' கையொப்பம்: அடியேன்.

நாங்கள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது தெல்ஃபீனா கணவரிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது.

"தப்பு என்மேலதாங்க. அன்யலோத்திக் கொழுக்கட்டை மாவு கொஞ்சம் தடிமனாப் போச்சு. வாய்ல மாவு அப்பிக்கிட்டா ஒயின் எப்படித் தெரியும்?"

"ஒயினுக்கும் மாவுக்கும் என்னடி சம்பந்தம்?"

"பெரியவங்க நாக்குங்க அது. அடுத்த வருஷம் பாருங்க."

அடுத்த வருடம் பார்த்தோம். அன்யலோத்தி காகிதம்போல மெல்லியதாக வந்தது. உள்ளே மூன்று இறைச்சி. எண்ணிப் பார்த்ததில் நான் நாற்பத்தாறு சாப்பிட்டிருந்தேன். தீர்ப்பு: 'தயாராகவில்லை.' காரணம்: 'தன்னுள் அடங்கி மௌனம் காக்கிறது.'

மூன்றாம் வருடம் ஒரு சின்னச் சிக்கல் எழுந்தது. டாக்டர் ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெல்ஃபீனா, இந்தக் குழம்புல என்ன ஒயின் ஊத்தினே? வழவழன்னு, ஒரு உறுத்தல் இல்லாம இறங்குது."

"இதே ஒயின்தான் டாக்டர். காலைல செயலாளர் தம்பி எடுத்துக் குடுத்தாரே, அதேதான். நானும் மரக்கரண்டில குழம்பைத் தொட்டு நாக்குல வச்சுப் பார்த்தேன். ஒயின் தயாராயிடுச்சு டாக்டர். குழம்பே சொல்லுது."

ஃபுல்வியோ குப்பிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இங்க பாரும்மா," என்றார் டாக்டர் மெதுவாக. "அடுப்பு ஒயினுக்கு ஒரு நியாயம், கோப்பை ஒயினுக்கு ஒரு நியாயம். குழம்போட அபிப்பிராயம் நிகழ்ச்சி நிரல்ல இல்ல."

"தப்பா சொல்லிட்டேன் டாக்டர். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?"

"ஊத்து."

காரணம்: 'முதிர்ச்சி போலத் தோன்றும் முதிர்ச்சியின்மை.' அந்தச் சொற்றொடர் என்னுடையது. டாக்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நான்காம் வருடம் தெல்ஃபீனா பாலாடைக்கட்டியை உருக்கி, மேலே வெள்ளை ட்ரஃபிள் காளானைச் சீவிப் போட்டார். ஏவாசியோ நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் காட்டில் அலைந்து தோண்டி எடுத்த காளான். ஒயின் தயாராகவில்லை. ஐந்தாம் வருடம் ஏழு வகைப் பதார்த்தம். அன்று குடித்து முடித்ததும் மூவர் முகத்திலும் ஒரு திருப்தி தெரிந்ததை நான் மறைக்க முடியாது. ஆபத்தை முதலில் உணர்ந்தவன் ஃபுல்வியோ. கைப்பேசியில் நிலா நாட்காட்டியைத் திறந்தான்.

"நிறுத்துங்க நிறுத்துங்க! இன்னிக்கு வேர் நாள்!"

"அப்படின்னா?" என்றார் ஏவாசியோ.

"நிலா வேரைப் பார்த்து நிக்குது. வேர் நாள்ல ஒயினுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பழ நாள்லதான் சொல்லணும். இப்ப உலகம் பூரா இதுதான்."

"அப்ப பழ நாள் எப்போ? வியாழக்கிழமையா? வியாழக்கிழமை வாங்களேன்."

டாக்டர் அதிர்ந்துபோனார். "மார்ட்டின் திருநாளை வியாழக்கிழமைக்கு மாத்தச் சொல்றியா? புனிதர் என்ன உன் வீட்டு மாடா, இழுத்துக் கட்ட?"

காரணம்: 'நிலா.'

ஆறாம் வருடக் கோடையில் தெல்ஃபீனாவுக்கு வயிற்றில் வலி வந்தது. ஆல்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். திரும்பி வந்த ஏவாசியோ வீட்டுக்குப் போகவில்லை, தொப்பியைக் கையில் பிடித்தபடி நேரே மருந்துக்கடைக்கு வந்தார். நாங்கள் நால்வரும் அங்கேதான் இருந்தோம்.

"டாக்டர், அவளுக்கு ரொம்ப நாள் இல்லேங்கறாங்க. ஒரு கோப்பை, ஒரே ஒரு கோப்பை குடிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா. இந்த வருஷம் 'தயார்'னு எழுதிடுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மனசு இல்லேன்னு நினைக்காதே, ஏவாசியோ. ஆனா நோயாளியைப் பார்த்து ஒயின் பக்குவமாகுமா?"

"கருணை வேற, துவர்ப்பு வேற," என்றார் ஃபாதர். "அவங்களுக்காக ஜெபிக்கிறேன். துவர்ப்புக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

நானும் தலையாட்டினேன். குழு எவ்வளவு நேர்மையானது என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நவம்பரில், கேக் தட்டை வாங்கிவர நான் சமையலறைக்குப் போனேன். தெல்ஃபீனா பாதியாக இளைத்திருந்தார். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன வாரம் இவர் கத்தியை எடுத்துக்கிட்டு நிலவறைக்குப் போயிட்டாரு தம்பி, அரக்கை உடைக்க. நான்தான் மல்லுக்கட்டி இழுத்துட்டு வந்தேன். என் வீட்டு ஒயினை நான் திருடிக் குடிக்கணுமா? அவங்க வாயால சொல்லட்டும், அப்புறம் உக்காந்து குடிக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீங்க நல்லா சாப்பிடுற ஆளு. உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க தம்பி, தயாரா இல்லையா?"

எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும்.

"நான் வெறும் செயலாளர்மா," என்றேன். "செயலாளருக்கு நாக்கு கிடையாது."

அப்போது என் வாயில் கேக் இருந்தது.

ஏழாம் வருடம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சமைத்தார். உட்கார வேண்டும் என்ற ஆசையில் பாதியாவது நிறைவேறியதே என்று ஃபாதர் பின்னால் சொன்னார். எட்டு வகைப் பதார்த்தம். எழுந்து வந்து பரிமாறத் தெம்பில்லாமல், சமையலறை வாசலிலிருந்து எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கடைசி வாயை விழுங்கி, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டார்.

"இன்னும் ஒரே ஒரு வருஷம் தெல்ஃபீனா. அடுத்த வருஷம் நிச்சயம்."

"சரிங்க டாக்டர்," என்றார் அவர். "அடுத்த வருஷம் இன்னும் நல்லா செய்யறேன்."

மார்ச்சில் இறந்துபோனார். ஊரே வந்தது. குழுவின் சார்பில் மலர் வளையம் வைத்தோம்.

எட்டாம் வருடம், நவம்பர் பதினொன்று, பகல் பன்னிரண்டு மணி. மேஜையில் ஆறு அவித்த முட்டை, ஒரு ரொட்டி, ஒரு துண்டு பாலாடைக்கட்டி. ஏவாசியோ சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "எனக்கு இவ்வளவுதான் வரும்," என்றார். மாட்டிறைச்சி இல்லாததால் விதி ஒன்பது மீறப்படுகிறதே என்று நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபுல்வியோ குப்பிப் பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

டாக்டர் கோப்பையைச் சுழற்றவில்லை. ஒரே மடக்கு.

"தயார்," என்றார்.

"தயார்," என்றான் ஃபுல்வியோ. "நாய் வாசனை சுத்தமா போயிடுச்சு."

"ஆமென்," என்றார் ஃபாதர், பாதி முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு.

மொத்தம் நான்கு நிமிடம். குழுவின் வரலாற்றில் ஒருமனதான தீர்ப்பு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை, செகோந்தோவுக்கு அடுத்தபடியாக.

"செயலாளரே, சீக்கிரம் எழுதிட்டு வாங்க," என்று டாக்டர் கோட்டை மாட்டினார். "மேட்டு விடுதியில ஒண்ணரை மணிக்குச் சாப்பாட்டுக்கு மேஜை சொல்லி வச்சிருக்கேன். நாலு பேருக்கு. போன வாரமே சொல்லியாச்சு."

மூவரும் காருக்குப் போனார்கள். நான் குறிப்பேட்டைத் திறந்தேன். தீர்ப்பு: 'தயார்' என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. எட்டு வருடமாக நிலா, மௌனம், துடுக்கு என்று அருவியாகக் கொட்டிய பேனா அது.

ஏவாசியோ எதிரில் வந்து நின்றார். மேஜையைப் பார்த்தார், முட்டை ஓடுகளைப் பார்த்தார், திறந்திருந்த கதவு வழியாகக் காரைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் அப்போதுதான் விளங்கியது. விளங்குவதை நான் அவர் முகத்தில் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"செயலாளரே, நான் முதல் வருஷமே முட்டை அவிச்சு வச்சிருக்கணும், இல்ல?"

வெளியே ஃபுல்வியோ ஹார்ன் அடித்தான்.

"இங்க ஒரு கட்டம் காலியா இருக்கே."

"அது காரணம் எழுதற இடம்."

அவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல எழுத்துக் கூட்டி எழுதினார்.

காரணம்: 'சமைக்கிறவள் செத்துப்போனாள்.'

கையொப்பக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எட்டு வருடக் குறிப்பேட்டில், உண்மை என்று தெரிந்து நான் கையெழுத்திட்ட காரணம் அது ஒன்றுதான். பிறகு விடுதிக்குப் போனேன். மேஜையில் எனக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார்களே.