சுடத் தெரியாதவரும் பத்துக் குண்டுத் துப்பாக்கியும்

கோடைக்கானல் மலையில் காட்டுமாடு உண்டு, குரங்கு உண்டு, மலையணில் உண்டு. இவற்றின் அருகே போகாதீர்கள், தின்னக் கொடுக்காதீர்கள் என்று அங்கங்கே பலகை வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இவற்றையெல்லாம்விட அதிகமாக நடமாடுகிற, அருகே போனால் காட்டுமாட்டைவிடச் சேதம் செய்கிற ஓர் இனத்துக்குப் பலகை எழுத இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குறையை இன்று நான் தீர்த்து வைக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம்மவர்கள் ஒரே வரியில் சொல்லி முடித்தார்களே, அந்த இனம். வசதிக்காகக் கோணல்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. கேரம் ஆடும்போது காய் குழியில் விழாவிட்டால் பலகையில் பவுடர் போதாது என்பார். இரண்டாவது காயும் விழாவிட்டால் பலகையே மட்டமாக இல்லை என்று தரையில் ஒரு கோலியை உருட்டிப் பார்ப்பார். தோசை கல்லில் ஒட்டினால் கல், மாவு, அடுப்பு, அரிசி விற்ற கடைக்காரர் என்று வரிசையாக விசாரணை நடக்கும். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்று பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தால், வளைவைப் போட்ட வெள்ளைக்காரனுக்குக் கணக்குத் தெரியவில்லை என்பார். அவர் எங்கேயும் தோற்பதில்லை. பொருள்தான் தோற்கிறது.

அந்தக் காலத்துக் கோணல்காரர் எவ்வளவோ தேவலை. கூடம் கோணல் என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். இந்தக் காலத்துக் கோணல்காரர் போவதில்லை. கூடம் ஏன் கோணலாயிற்று, ஜெர்மனியில் கூடத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்று நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தால் கூடத்தைக் கழற்றியும் காட்டுவார். மாட்டித் தருவாரா என்று கேட்காதீர்கள். அது அவருடைய துறை அல்ல.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். சுரேந்திரன். அட்டுவம்பட்டியில் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறார். தங்க வருகிறவர்களைச் சாயந்திரமானால் ஏரிக்கரைக்குத் தானே கூட்டிக்கொண்டு வருவார். மனிதர் உபசாரத்தில் குறை வைக்க மாட்டார். வாயிலும் குறை வைக்க மாட்டார். படகுக்குப் போனால் துடுப்பின் நீளம் சரியில்லை, குதிரையேறினால் லாடம் சரியில்லை. விருந்தாளிகள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். வேறு என்ன செய்வது? பெட்டியும் படுக்கையும் அவர் வீட்டில் அல்லவா இருக்கிறது.

அப்படித்தான் ஒரு மே மாதச் சனிக்கிழமை, மலர்க் கண்காட்சிக் கூட்டம் ஏரியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டிருந்தபோது, சண்முகவள்ளியின் பலூன் சுடும் கடைக்கு வந்து சேர்ந்தார். நடந்ததைச் சண்முகவள்ளி வாயாலும் கேட்டேன், சுரேந்திரன் வாயாலும் கேட்டேன். இரண்டிலும் சம்பவம் ஒன்றுதான். ஒருவர் அழுதுகொண்டு சொன்னார், இன்னொருவர் பெருமையாகச் சொன்னார்.

சண்முகவள்ளியின் கடை என்றால் ஒரு மரப்பலகை, அதில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், பின்னால் ஒரு நீலத் தார்ப்பாய், அதற்குப் பின்னால் ஏரி. மே மாதத்துக் கூட்டத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் ஐப்பசி மழையில் அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கி, குண்டை விரலால் எடுத்துத் திணித்து, நிமிர்த்திக் கொடுக்க வேண்டும். அதுவும் போன சீசனோடு கட்டை பிளந்து மூலைக்குப் போய்விட்டது. அதனால் இந்த சீசனுக்கென்று பழனியில் ஒரு கடையில் பத்துக் குண்டுத் துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்திருந்தார்.

அதன் சூட்சுமத்தை நானே சொல்லிவிடுகிறேன், சுரேந்திரனிடம் கேட்டால் பொழுது போய்விடும். குழலை மடக்கினால் உள்ளே இருக்கிற தடித்த ஸ்பிரிங் சுருங்கி ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையைத் தட்டினால் கொக்கி விட்டுவிடும். ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை நெருக்கும், காற்று குண்டைத் துரத்தும். குழலின் தலையில் ஒரு சின்ன உருளை உட்கார்ந்திருக்கும், அதில் பத்துக் குண்டு. ஒவ்வொரு முறை மடக்கி நிமிர்த்தும்போதும் ஒரு குண்டு தானாகக் குழலுக்குள் இறங்கும். அவ்வளவுதான். குண்டு திணிக்கிற வேலை மிச்சம், வரிசை வெரசாக நகரும், பிள்ளைகள் அழாமல் போவார்கள்.

சுரேந்திரன் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். முதல் குண்டு தார்ப்பாயில் பட்டது. இரண்டாவது குண்டும் தார்ப்பாயில் பட்டது. மூன்றாவது எதிலுமே படவில்லை. விருந்தாளிகளில் ஒரு சின்னப் பெண் கிளுக்கென்று சிரித்தது.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? தானும் சிரித்துவிட்டுத் துப்பாக்கியை அடுத்தவன் கையில் கொடுப்பான். கோணல்காரர் தொண்டையைச் செருமினார்.

“இதுல எங்க தப்பு தெரியுமா? இந்த உருளைய மேல வச்சுட்டான் பாருங்க, அதனால குறி பாக்குற கட்டைய ஒசத்த வேண்டியதாயிருச்சு. கண்ணு ஒரு லெவல், குழல் ஒரு லெவல். எப்படிப் படும்?”

“உங்களுக்கு முன்னால சுட்ட பையன் இதே துப்பாக்கியில ஆறு பலூன் ஒடச்சான் சார்” என்றார் விருந்தாளி ஒருவர். பாலசமுத்திரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். நல்ல மனிதர், யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார்.

“அது லக்கு” என்று ஒரே வார்த்தையில் அந்தப் பையனின் திறமையைக் கொன்றுவிட்டு, சுரேந்திரன் பாடத்துக்குப் போனார். குழலை மடக்கினார். “இப்ப ஸ்பிரிங் கொக்கில மாட்டிக்கிருச்சு. நிமித்துறேன், ஒரு குண்டு உள்ள எறங்கிருச்சு. இந்த டிசைன்ல ஒரே ஒரு குறை. சுடாம இன்னொரு தடவ மடக்குனோம்னு வைங்க, உள்ள இருக்குற குண்டுக்குப் பின்னாலயே இன்னொண்ணு ஏறிரும். குழல் அடச்சுக்கிரும். தெரியாதவங்க கையில குடுத்தா போச்சு. எப்படின்னா, இப்படி…”

மடக்கி நிமிர்த்திக் காட்டினார். பின்னால் நின்ற ஒருவர் சரியாகத் தெரியவில்லை என்றார். அவருக்காக இன்னொரு தடவை மடக்கி நிமிர்த்தினார். போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் கொஞ்சம் மெதுவாகச் செய்யச் சொன்னார். மெதுவாகவும் ஒரு தடவை செய்தார்.

எதைச் செய்யக் கூடாது என்று சொன்னாரோ அதைச் செய்துகொண்டேதான் சொன்னார். உலகத்தில் எத்தனையோ அறிவாளிகளைப் பார்த்திருக்கிறேன், வாய் சொன்னதைக் கை கேட்காத இந்த அறிவாளி போல ஒருவரைப் பார்த்ததில்லை.

“சார், குடுங்க சார். பிள்ளைக நிக்குதுல்ல” என்றார் சண்முகவள்ளி.

“ஒரு நிமிசம்மா. உனக்காகத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்” என்று சொல்லிக் குறி பார்த்து விசையைத் தட்டினார். துப்பாக்கி தொப்பென்று ஒரு சத்தம் போட்டது. பலூன் ஆடக்கூட இல்லை. நாலு குண்டும் குழலுக்குள்ளேயே ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டன.

இனி அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? ‘நாலு தடவை மடக்கிவிட்டேன், குழல் அடைத்துக்கொண்டது, மன்னித்துக்கொள்’ என்றா? அந்த வாக்கியம் கோணல்காரர் வாயில் வராது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் தானே நடத்திய பாடத்தை அவர் அடியோடு மறந்துவிட்டார்.

“ஸ்பிரிங் தளந்துருச்சு” என்று தீர்ப்புச் சொன்னார். “புதுசுன்னு சொல்லிப் பழசத் தள்ளி விட்டிருக்கான். நீ ஏமாந்துட்டம்மா.”

சண்முகவள்ளிக்கு முகம் சுருங்கிவிட்டது. “அப்படியெல்லாம் இல்ல சார், காலையில இருந்து நல்லாத்தான் சுட்டுச்சு. வைங்க, நான் பாத்துக்கிறேன்.”

“நீ என்னத்தப் பாப்ப? ரெண்டே நிமிசம். தொறந்து காட்டிர்றேன்.”

பக்கத்துச் சைக்கிள் வாடகைக் கடையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் வந்தன. கேட்டவுடனே கொடுத்தார்கள், வேடிக்கைக்கு யார்தான் உபகாரம் செய்ய மாட்டார்கள்? சுரேந்திரன் சண்முகவள்ளியின் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, துப்பாக்கியின் பின்பக்கம் பலகையைப் பார்த்திருக்க மடியில் வைத்துக்கொண்டு, மரக்கட்டையைக் கழற்றினார். “வேணாம் சார், கையெடுத்துக் கும்புடுறேன் சார்” என்று அந்த அம்மாள் சொல்வது யார் காதிலும் ஏறவில்லை. சுற்றி நின்றவர்களுக்குக் காதெல்லாம் வாயாகியிருந்தது. எண்ணெய் விட வேண்டும் என்றார் ஒருவர். எண்ணெய் விடவே கூடாது, வாஷர் கெட்டுவிடும் என்றார் இன்னொருவர். பின்மூடியைப் பிடித்திருக்கும் ஊசியைத் தட்டினால் போதும் என்று பாலசமுத்திரத்துக்காரர் இடம் காட்டிக் கொடுத்தார்.

சுரேந்திரன் தட்டினார்.

தளர்ந்துபோன ஸ்பிரிங் என்றாரே, அந்த ஸ்பிரிங் மூடியையும் உதைத்துக்கொண்டு புறப்பட்டது. மூடி நேராகப் போய்ப் பலகையில் ஒரு மஞ்சள் பலூனை உடைத்தது. அன்றைக்கு அவர் உடைத்த ஒரே பலூன் அதுதான். ஸ்பிரிங் பலகைக்கு மேலே எழும்பி, தார்ப்பாயையும் தாண்டி, ஏரியில் போய் விழுந்தது.

“பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? ஸ்பிரிங்லதான் கோளாறு” என்றார் சுரேந்திரன்.

எனக்கு இதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. அடுத்ததைக் கேட்டபோது சிரிப்பு போய்விட்டது. சண்முகவள்ளி அவரைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. துப்பாக்கி இல்லாவிட்டால் கடை இல்லை; கடையை விட்டு இறங்கினால் ஏரிக்கரையில் அந்த இடம் இருக்காது, காத்திருக்கிற வேறொருவர் வண்டியைக் கொண்டுவந்து போட்டுவிடுவார். அதனால் கழன்ற துண்டுகளை முந்தானையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

“யாராச்சும் பழனிப் பக்கம் எறங்குறீங்களாங்க? நான் எடத்த விட்டு நகர முடியாது. அடிவாரத்துல வாங்குன கடையில குடுத்துட்டாப் போதும், வேற ஸ்பிரிங் போட்டு அடுத்த பஸ்ல ஏத்தி விட்ருவாங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம, கூட்டம் வருமுங்க.”

கேட்டது அவ்வளவுதான். கிடைத்தது என்ன?

“பழனிக் கடைக்காரனுக்கு என்னம்மா தெரியும்? அவன்தான ஏமாத்துனவன்!” என்றார் சுரேந்திரன். இந்த அளவு ஸ்பிரிங் கோயம்புத்தூரில்தான் கிடைக்கும் என்றார் எண்ணெய்க்காரர். ஸ்பிரிங்கே பழைய காலத்து முறை, இப்போது அடைத்து வைத்த கேஸில் சுடுகிற துப்பாக்கி வந்துவிட்டது, அதை வாங்கு என்றார் படம் எடுத்தவர். எல்லாரிலும் நீளமாகப் பேசியவர் பாலசமுத்திரத்துக்காரர். பின்மூடியைத் திருகு மரையாக வைக்காமல் ஊசியில் நிறுத்தியது எவ்வளவு பெரிய தவறு என்று காரில் ஏறும் வரைக்கும் விளக்கினார். மறுநாள் விடிந்ததும் அதே காரில் அவர் வீட்டுக்கு இறங்கிய பாதை பழனிப் பாதை. பழனி அவர் ஊருக்குக் கூப்பிடு தூரம். அந்தத் துப்பாக்கியைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கெட்டவர் அல்ல. சொல்ல வேண்டியது நிறைய இருந்ததால், கேட்க வேண்டியது காதில் விழவில்லை.

சண்முகவள்ளி ஞாயிற்றுக்கிழமை தானே பஸ் பிடித்துப் பழனிக்குப் போனார். துப்பாக்கி சரியாகி வந்தது. வந்து பார்த்தால் கடை இருந்த இடத்தில் மக்காச்சோள வண்டி நின்றது. இப்போது குதிரை லாயத்துக்கு மேலே, கூட்டம் ஏறாத மேட்டில் பலகையைச் சாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். துப்பாக்கி ஒழுங்காகச் சுடுகிறது, சுட ஆள்தான் இல்லை. சுரேந்திரன் அந்தக் கடைக்குப் போன் மேப்பில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, ‘துப்பாக்கி தரமில்லை, ஜாக்கிரதை’ என்று பொதுநல எச்சரிக்கையும் எழுதிவிட்டார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, சே, என்ன மனிதர்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். எனக்குச் சந்தோஷம். ஆனாலும் ஒன்று கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் சுத்தியலை எடுத்தபோது உங்கள் மனதில் என்ன ஓடியது? ‘ஐயோ, அந்த அம்மாள் பிழைப்பு போகப்போகிறதே’ என்றா? அல்லது, ‘அப்படித் தட்டக் கூடாது, ஸ்பிரிங்கை முதலில் ஒரு கிளாம்ப் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டல்லவா ஊசியைக் கழற்ற வேண்டும்’ என்றா?

இரண்டாவதுதான் என்றால், நீங்கள் நினைத்தது முற்றிலும் சரி. கிளாம்ப் போட்டுத்தான் கழற்ற வேண்டும். பாலசமுத்திரத்துக்காரரும் மலை இறங்கும்போது வழி நெடுக அதையேதான் சொல்லிக்கொண்டு போனாராம்.